பிழைக்குமா என்று கேட்டவர்

முதலிபாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில், ஞாயிற்றுக்கிழமையானால் முதல் வீட்டு வாசலில் செருப்புகள் சேரும். தேய்ந்த தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, எப்போதாவது பளபளவென்று ஒரு ஷூ. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்ததுபோல ஆட்கள் சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். ஒருமுறை புதிதாக வந்த ஒருவர் என் மனைவி செல்வியிடம், "ஏனுங்க அம்மிணி, ஜாதகம் பாக்கற ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"ஜாதகந்தான். ஆனா மனுசனுக்கு இல்ல, மிஷினுக்குப் பாப்பாவ" என்றாள் செல்வி.

தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள் நாங்கள். செல்விக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்த முதல் வீட்டில் இருந்தவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'வயபிள் அக்கா'. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இப்போது எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல இருக்கும்.

அக்காவுக்குச் சொந்த ஊர் சேவூர்ப் பக்கம். விவசாயக் குடும்பம், கிறிஸ்தவர்கள். நாற்பது தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெரிய பனியன் கம்பெனியில் காஸ்டிங் பார்த்தார். வெளிநாட்டுக்காரர் ஒரு டீசர்ட்டைக் காட்டி என்ன விலைக்குத் தருவாய் என்று கேட்டால், நூலிலிருந்து அட்டைப்பெட்டி வரைக்கும் யோசித்து, அந்த விலை நமக்குத் தாங்குமா தாங்காதா என்று முதலாளிக்குச் சொல்கிற வேலை. அதே கம்பெனியில் நான் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். தைத்து வந்ததில் ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து ஒதுக்குகிறவன்.

வாரம் முழுக்க முதலாளிக்குச் சொன்னதையே, ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்து சின்ன யூனிட்காரர்களுக்கு அக்கா காசு வாங்காமல் சொன்னார். பெரிய கம்பெனி வெட்டிக் கொடுக்கிற துணியை வாங்கிப்போய், வீட்டு முன்னறையிலோ மாட்டுக் கொட்டகையிலோ நாலைந்து மிஷின் போட்டுத் தைத்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள். எல்லாரும் கேட்க வருவது ஒரே கேள்வி. இதை இன்னும் ஓட்டலாமா, மூடிவிடலாமா?

அத்தனை பேருக்கும் முகத்துக்கு நேராகச் சொன்ன பதிலை, தன் கூடப்பிறந்த தம்பிக்குச் சொல்ல முடியாமல் அக்கா வருடக்கணக்கில் திணறினார். அந்தத் தம்பிக்கும் ஒரு யூனிட் இருந்தது. அது நிற்குமா விழுமா என்பதுதான் அக்காவின் வாழ்க்கையே என்று எங்களுக்குப் புரிய வெகு நாளாயிற்று.

வயபிள் என்கிற ஆங்கிலச் சொல் திருப்பூருக்குச் சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டு பையர்களோடு வந்தது என்று நினைக்கிறேன். இந்த விலை எங்களுக்கு வயபிள் இல்லை என்று சுருக்கமாக ஒரு மெயில் போடுவார்கள். இங்கே ஒரு சீசனே கவிழ்ந்துபோகும். பிறகு அது பேங்க்காரர்கள் வாயில் ஏறி, அங்கிருந்து டீக்கடைக்கு இறங்கியது. டாலர் இறங்கின வருடம் அந்தச் சொல் காதில் விழாமல் ஒரு வடை தின்ன முடியாது. கட்டுபடியாகாது என்பதற்குப் பதிலாகத்தான் எல்லாரும் அதைச் சொன்னார்கள். அக்காவுக்கு அதில் ஒப்புதல் கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். விட்டதைப் பிடிக்கிற ஆசையில் பழைய புத்தகக் கடையில் ஓர் அகராதி வாங்கி வைத்திருந்தேன். அதில் பார்த்துவிட்டு ஒருநாள் அக்காவிடம் கேட்டேன்.

"யக்கா, ரெண்டு அர்த்தம் போட்டிருக்கு. செய்யக்கூடியதுன்னு ஒண்ணு. உயிரோட இருக்கக்கூடியதுன்னு ஒண்ணு. நீங்க எதைச் சொல்லுதீய?"

அக்கா டீயை நன்றாக ஆறவிட்டு, ஏடு கட்டின பிறகுதான் குடிப்பார். ஏட்டை ஆள்காட்டி விரலால் ஓரம் கட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏனுங்க தென்காசி, இந்த ஊர்ல செய்ய முடியாதுன்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நாளைக்கு வேணும்னா நாளைக்கே தெச்சுத் தருவாங்க. மழை பேஞ்சா விசிறி வெச்சுக் காயவெச்சுத் தருவாங்க. முடியுமான்னு கேட்டா எல்லாத்துக்கும் முடியும்தான். அதனால நான் அதைக் கேக்கறதே இல்லீங்க. பொழைக்குமான்னு கேக்கறேன்."

"பொழைக்கும்னா?"

"தொட்டில்ல கெடக்கற கொழந்தையை ஆட்டித்தான் ஆகோணும். பள்ளிக்கூடம் போற வயசுலயும் ஆட்டிக்கிட்டே இருந்தா? அது ஆட்டறவங்க தெம்புங்க. கொழந்தையோட தெம்பு இல்ல."

என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. ஊர்தான் எனக்குப் பெயர்.

அந்தச் சொல்லைக் கம்பெனியோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கம்பி வளைந்த குடையை விரித்துப் பார்த்து, "இந்த மழைக்கு வயபிள்தான்" என்பார். காம்பவுண்டு மூலையில் செல்வி ஆசையாக நட்ட கறிவேப்பிலைக் கன்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வயபிள் இல்லீங்க அம்மிணி. இந்த மண்ணுல பாதி சாயப்பட்டறைத் தண்ணி. வந்தாலும் செவப்பாத்தான் வரும்" என்றார். வீட்டுக்காரர் தம் மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் போட்டோவைக் கொண்டுவந்து காட்டியபோதும் விடவில்லை.

"பையன் பாக்க லட்சணமா இருக்காருங்க. ஆனா மூணு கம்பெனி மாறியிருக்காரு. மூணுலயும் மொதலாளி சரியில்லைங்கறாரு. வயபிள் இல்லீங்க."

வீட்டுக்காரர் போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வாடகையை ஏற்றினார். எல்லா வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

அக்காவிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. பெடலை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த பிறகுதான் உயிர் வரும். ஒருநாள் அது இழுபறி செய்துகொண்டிருந்தபோது, "யக்கா, உங்க வண்டி வயபிளா?" என்று கேட்டுவைத்தேன்.

"அதைப் பத்திப் பேசாதீங்க. அது ஒறம்பரை" என்றார். கொங்கு நாட்டில் சொந்தக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள். நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் கக்கத்தில் கணக்கு நோட்டோடு வருவார்கள். அக்கா அதைத் தொடமாட்டார். "அது கக்கத்துலயே இருக்கட்டுங்க. நோட்டு எப்பவும் நல்லபடியாத்தான் பேசும்" என்பார். ஆளின் முகத்தையும் உட்காருகிற விதத்தையும் பார்ப்பார். நாற்காலியில் முதுகு சாய்கிறதா, நுனியில் தொற்றிக்கொண்டிருக்கிறதா. அப்புறம் கேட்பார்.

"தூங்கறீங்களா?"

பலர் அந்த முதல் கேள்வியிலேயே நோட்டைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"நீங்க ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்துட்டா யூனிட் ஓடுமா?"

"ஆர்டருக்காக ஆள் வெச்சிருக்கீங்களா, ஆளுக்காக ஆர்டர் எடுக்கறீங்களா?"

இந்தக் கடைசிக் கேள்வி வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. திருப்பூரில் ஒரு வாரம் வேலை இல்லையென்றால் டெய்லர்கள் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்கள். கலைந்த ஆளைத் திரும்பச் சேர்ப்பது சிந்தின எள்ளைப் பொறுக்குகிற மாதிரி. அதனால் ஆள் கலையக் கூடாது என்பதற்காகவே, நட்டம் என்று தெரிந்தே ஓர் ஆர்டரை எடுப்பார்கள். அது முடிவதற்குள் நல்லது வந்துவிடும் என்று நம்பிக்கை. வராது. இன்னொரு நட்ட ஆர்டர். மிஷின் சத்தம் நிற்காமல் கேட்கும். தெருவில் போகிறவர்கள், பரவாயில்லையே, நல்லா ஓடுதே என்று சொல்லிப்போவார்கள். உள்ளே முதலாளி கரைந்துகொண்டிருப்பார்.

"ஆளுக்காகத்தானுங்க எடுத்தேன்" என்று ஒத்துக்கொண்டவர்களை அக்கா திட்டியதில்லை. "எல்லாரும் பண்றதுதானுங்க" என்பார். டீ வரும்வரை பொறுத்திருப்பார். செல்விதான் டீ போடுவாள். டீயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பதிலைச் சொல்வார்.

"வயபிள் இல்லீங்க. தீபாவளிக்குப் பூட்டிருங்க."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் நான் அக்காவைக் கும்பிடுவேன். தீபாவளிக்குத் திருப்பூரே பூட்டிக்கிடக்கும். போனஸை வாங்கிக்கொண்டு தெக்கத்தி ஆட்கள் மொத்தமும் பஸ் ஏறிவிடுவார்கள். எல்லாக் கதவிலும் பூட்டு தொங்குகிறபோது உங்கள் பூட்டை மட்டும் யார் பார்க்கப்போகிறார்கள்? பண்டிகை முடிந்து ஆட்கள் வரும்போது, சிலது திறக்கும், சிலது திறக்காது. ஏன் திறக்கவில்லை என்று யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். அவமானப்படாமல் விழுவதற்கு இந்த ஊரில் வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு. அதை அக்கா தெரிந்து வைத்திருந்தார்.

அழுவார்கள் என்று எதிர்பார்த்தால் பெரும்பாலோர் அழமாட்டார்கள். முதுகு மெல்ல நாற்காலியில் சாயும். "சொல்லிட்டீங்க. யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சுங்க" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஓட்டிரலாம், பாத்துக்கலாம் என்று சொல்வதற்கு ஊர் முழுக்க ஆள் இருந்தது. போதும் என்று சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அக்கா சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்லமாட்டேன். குன்னத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். பனியனின் கழுத்துப்பட்டி மட்டும் தைத்துக் கொடுக்கிறவர். ஒற்றை மிஷின். கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மூடச் சொன்னார். அடுத்த வருடம் அந்த அம்மா ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயப் பலகாரத்தோடு வந்து இறங்கினார்.

"ஏனுங்க்கா, வயபிள் இல்லைன்னீங்களே! இப்ப மூணு மிஷினுங்க! உங்க வாயில வெல்லத்தைப் போடோணும்னே சுட்டேன், தின்னுங்க!"

அக்கா ஒரு கச்சாயத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே, "தப்பாச் சொல்லிட்டனுங்க. நொம்ப சந்தோசம்" என்றார். முகத்தில் நிஜமாகவே சந்தோஷம்.

இன்னொரு நாள் வேறு மாதிரி. அக்கா சொன்னார் என்று யூனிட்டை மூடிவிட்டு, வேறு வேலைக்கும் போகாமல் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்ட ஒருவரின் மனைவி கேட் வாசலில் வந்து நின்று கத்தினார்.

"ஒரு இங்கிலீசு வார்த்தையைச் சொல்லி எங்கூட்டு மனுசனை மொடக்கிப் போட்டுட்டியே! ஓடாத மிஷினா இருந்தாலும் தொடச்சுக்கிட்டாவது இருந்தாரு! நீ நல்லா இருப்பியா?"

அக்கா கேட்டைத் திறந்து வெளியே போனார். அந்த அம்மா பேசி ஓயும்வரை எதிரில் நின்றார். பிறகு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, செம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அக்கா கதவைத் திறக்கவில்லை. செருப்புகள் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் கலைந்துபோயின.

அன்று சாயங்காலம் செல்வி கேட்டுவிட்டாள்.

"ஏன் யக்கா, ஊருக்கெல்லாம் சொல்லுதீயளே, உங்க தம்பிக்கு என்னைக்குச் சொல்லப்போறீய?"

காம்பவுண்டில் எல்லாரும் மனசுக்குள் வைத்திருந்த கேள்வி அது.

தம்பி டேவிட் அக்காவைவிட ரொம்பச் சின்னவர். நாட்டுக்கு இவ்வளவு என்று ஏற்றுமதிக்குக் கோட்டா இருந்த நல்ல காலத்தில் எல்லாரும் மிஷின் போட்டார்கள் என்று, சேவூர் ரோட்டில் அப்பாவின் பழைய கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்து அவரும் போட்டார். கோட்டா போனது, டாலர் இறங்கியது, கரண்டும் போய்ப்போய் வந்தது. யூனிட் மட்டும் ஓடியது. எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும். கம்பெனி முடிந்ததும் அக்கா வீட்டுக்கு வரமாட்டார். மொபெட்டை மிதித்துச் சேவூர் ரோட்டுக்குப் போவார். அங்கே உட்கார்ந்து தைத்ததில் பிசிறு வெட்டுவார், மடிப்பார், கோபித்துக்கொண்டு போன டெய்லரின் வீடு தேடிப்போய்ச் சமாதானம் பேசிக் கூட்டிவருவார். எங்கள் கம்பெனியிலிருந்தே டேவிட்டுக்கு ஆர்டர் வாங்கிக் கொடுப்பார். அதில் பாதி, ஆள் கலையாமல் இருக்க எடுத்த ஆர்டர்தான். டேவிட் யூனிட் சரக்கு என் செக்கிங் மேஜைக்கு வரும்போது அதில் குறையே இருக்காது. இருந்ததையெல்லாம் அக்கா முந்தின நாளே உட்கார்ந்து பிரித்துத் தைக்க வைத்திருப்பார். ஊர் அடங்கும் நேரத்துக்குத்தான் மொபெட் சத்தம் திரும்பி வரும். ஒருநாள் இருநாள் இல்லை, எங்களுக்குத் தெரிந்த எல்லா நாளும் அப்படித்தான்.

செல்வி கேட்டதும் அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"அவன் கேக்கலீங்களே அம்மிணி. கேக்காதவங்களுக்கு நான் சொல்றதில்லீங்க."

"கேட்டா?"

"கேக்கமாட்டான். கேட்டா நான் சொல்லிருவேன்னு அவனுக்குத் தெரியும்."

அந்த வருடம்தான் சிக்குன்குனியா வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கும் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டுவலி விடவில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். கதவுத் தாழ்ப்பாளை நீக்கச் செல்வியைக் கூப்பிட்டார். படுத்திருந்த நாட்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த ராயல் புளூ சரக்குக்குப் பொத்தான் வந்துச்சான்னு தெரியலீங்களே" என்பார். நான் கம்பெனியில் டேவிட்டின் சரக்குக்காகக் காத்திருந்தேன். முதல் வாரம் பாதி வந்தது. அதிலும் பாதியை நான் ஒதுக்கவேண்டி வந்தது. அடுத்த வாரம் ஒன்றும் வரவில்லை. டெய்லர்கள் போய்விட்டார்கள் என்று சரக்கு வண்டிக்காரர் சொன்னார். அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார். உள்ளே நாற்காலி எடுத்துப் போடுவது, அக்காவுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று நானும் கூடவே இருந்தேன். வெளியே செல்வியின் குரல் கேட்டது.

"ஐயோ, நீங்க ஏன் வரிசையில நிக்கீய? உள்ள போங்க. உங்க அக்கா வீடுதான?"

"இல்லீங்க. எனக்கு முன்னால வந்தவங்க இருக்காங்க."

டேவிட்டின் குரல். அக்காவின் காதிலும் விழுந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, "என்னங்க சொன்னீங்க?" என்று மறுக்கா கேட்டார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். அக்கா யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் வாசல் பக்கம் பார்க்கவும் இல்லை.

டேவிட் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டையில் மிஷின் எண்ணெய்க் கறை.

"சாப்பிட்டயா கண்ணு?" என்றார் அக்கா.

"சாப்பிட வரலீங்க்கா. எல்லாத்தையும் கேக்கற மாதிரி என்னையும் கேளுங்க."

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அக்கா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். பிறகு, பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்ட தம்பியைப் பார்த்து, வந்தவர்களைக் கேட்கிற அதே மரியாதையோடு கேட்டார்.

"தூங்கறீங்களா?"

டேவிட் தலையை ஆட்டினார். இல்லை.

"நீங்க ஒரு வாரம் படுத்துட்டா யூனிட் ஓடுமா?"

"நான் படுத்தா ஓடுமுங்க. நீங்க படுத்தா நின்னுருதுங்க்கா."

அக்கா வீங்கின விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். கேட்டார்.

"ஆளுக்காக ஆர்டர் எடுத்தீங்களா?"

"எடுத்துக் குடுத்தது நீங்கதானுங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. நீங்க அந்த வண்டியை மிதிச்சுக்கிட்டு வர்றதைப் பாத்துட்டு, எப்படீங்க மூடறதுன்னு சொல்லுவேன்? உங்களுக்காகத்தான் ஓட்டுனேன்."

"எனக்காகவா?" என்றார் அக்கா. அவர் குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதில்லை. "நான் உனக்காகன்னு இருந்தேனே சாமி."

செல்வி டீ கொண்டுவந்து வைத்தாள். வாயைத் திறக்காமல் போனாள், அதிசயமாக. அக்கா டம்ளரை இரண்டு கையாலும் எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருந்தார்.

"பொழைக்காது கண்ணு" என்றார். அந்த இங்கிலீஷ் வார்த்தையை அவர் சொல்லவில்லை. "தீபாவளிக்குப் பூட்டிரு."

டேவிட் டீயை முழுவதும் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "சித்த படுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்வதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்து, வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. வெளியே இன்னும் ஆட்கள் நின்றார்கள். அக்கா என்னிடம் சைகையில் சொல்ல, நான் போய் அடுத்த வாரம் வரச் சொன்னேன். அவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது. செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டின பிறகுதான் மாட்டிக்கொண்டார்கள். டேவிட் பொழுது சாய்கிறவரை தூங்கினார். அக்கா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஈ வந்தால் முந்தானையால் ஓட்டினார்.

தீபாவளிக்கு டேவிட் போனஸ் கொடுத்து, மிஷின்களுக்கு எண்ணெய் விட்டு, பழைய துணி போட்டு மூடி, கொட்டகையைப் பூட்டினார். பண்டிகை முடிந்து ஊர் திறந்தபோது அது திறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. தை பிறப்பதற்குள் அவர் அவிநாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கச் சேர்ந்துவிட்டார். நன்றாக உடம்பு தேறிவிட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அக்காவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பண்டிகைக்குப் பிறகு கம்பெனி திறந்த முதல் நாள், ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே மொபெட் சத்தம் கேட்டது. செல்வி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அக்கா தன் வீட்டுப் பூட்டைத் திறந்தார். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். மொபெட்டைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். மறுபடியும் பழைய இடத்திலேயே நிறுத்தினார். பிறகு மெல்ல எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, சாயங்காலத்துல எல்லாரும் என்னங்க பண்ணுவாங்க?"

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு முறத்தை ஒதுக்கி இடம் விட்டாள்.

"ஒண்ணும் பண்ணமாட்டோம் யக்கா. சும்மா இருப்போம். இப்படி இருங்க."

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கைப்பையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பம்பரம் விட்டார்கள். யாரோ அப்பளம் பொரித்தார்கள். ரோட்டில் மொபெட்டுகள் போய்க்கொண்டிருந்தன. வர வேண்டிய பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல ரோட்டையே பார்த்துக்கொண்டு, இருட்டும்வரை அப்படியே இருந்தார்.